நாற்பத்தேழாம் இலக்க வரைபடம்

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பதைக் கற்றுக்கொள்ள அருந்ததிக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பிடித்தது. இடையில் வந்த மூடல்களையும் பகிஷ்கரிப்புகளையும் சேர்த்தால் ஆறு வருடம். அது எந்தப் பள்ளம் என்று வெளியே சொல்வது குற்றம் என்பதை அவளுக்குக் கற்பிக்கத் தலைநகர மழைநீர் அகற்றல் சபைக்கு இரண்டே வருடம் போதுமாக இருந்தது.

சபையின் கந்தோர் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய பண்டகசாலையில் இருந்தது. மழை நாட்களில் அதன் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஊரின் மழைநீரையெல்லாம் அகற்றும் வேலையில் மூழ்கியிருந்ததால் தன் வாசலைக் கவனிக்கச் சபைக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்படியான நாட்களில் வாசலிலிருந்து படிவரை கதிரைகளை வரிசையாகப் போடுவார்கள். உத்தியோகத்தர்கள் அவற்றின்மேல் சேவை மூப்பின்படி நடந்து உள்ளே போவார்கள். முதலில் பொது முகாமையாளர், பிறகு பிரதிப் பிரதம பொறியியலாளர், பிறகு கணக்காளர். எல்லோருக்கும் கடைசியாகப் புதிய நியமனம் பெற்றவர். அருந்ததி வேலைக்கு வந்த முதல் நாள் மழை. அவளுடைய முறை வந்தபோது கதிரைகளை உள்ளே எடுத்துவிட்டார்கள். சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடந்து போய் அவள் கையெழுத்திட்டாள்.

அதற்கு முன்பு நேர்முகப் பரீட்சையில் மூன்று பெரியவர்கள் அவளை விசாரித்திருந்தார்கள்.

“பெண்பிள்ளையான நீர் மழைநீர் ஓடும் கானுக்குள் இறங்குவீரா?”

“இறங்குவேன்.”

“ஒரு பெண் கானுக்குள் இறங்குவதைச் சனங்கள் பார்த்தால் சபையின் மரியாதை என்ன ஆகும்?”

“அப்படியென்றால் இறங்கமாட்டேன்.”

“கானுக்குள் இறங்காத பொறியியலாளரை வைத்துச் சபை என்ன செய்யும்?”

மூவரும் தங்கள் கேள்விகளில் மிகவும் திருப்தியடைந்தார்கள். சபைக்கு உதவி செய்யும் ஒரு வெளிநாடு, ஆண்டறிக்கையில் ‘பெண் பொறியியலாளர்கள்’ என்ற இடத்தில் ஏன் எப்போதும் பூச்சியமே இருக்கிறது என்று அந்த வருடம் கேட்டிருந்தது. ஆகையால் அவளையே தெரிவுசெய்தார்கள். அது தொண்ணூற்றேழாம் ஆண்டு.

நியமனக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு வருடம் பயிலுநர். அந்தக் காலத்துக்குள் முழுமையான ஒரு வடிவமைப்பைத் தானாகச் செய்து, ‘இது இவர் செய்தது’ என்று மேலதிகாரியின் கையெழுத்தைப் பெற வேண்டும். அது கிடைத்தால் வேலை நிரந்தரமாகும். கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை, இரண்டு வருட அனுபவமும் இல்லை. படித்த ஆறு வருடமும் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டு நின்றன.

மேலதிகாரி நல்லவராக அமைந்தது கடவுளின் கருணை என்று அருந்ததி நம்பினாள். பிரதிப் பிரதம பொறியியலாளர் சிவபாதசுந்தரம் ஊரில் அவளுடைய தகப்பனுக்குத் தெரிந்த குடும்பம். சபையில் அவளைத் தவிர இருந்த ஒரே தமிழர். நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் நான்கு பேனை, மேசைக் கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலிலிருந்து மோதகம் கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைப்பார்.

“சாப்பிடும் பிள்ளை. கொப்பர் இஞ்ச இருந்தா அவர் பாப்பார். இல்லாதபடியா நான் பாக்கிறன்.”

தகப்பன் இடத்தில் நின்று பார்ப்பதாக அவர் சும்மா சொல்லவில்லை. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரத்தினம்மா என்ற விதவையின் வீட்டில் அருந்ததி ஓர் அறை எடுத்திருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் என்பதால் பொலிஸில் பதிய வேண்டும். பதியாமல் சோதனையில் அகப்பட்டால் இரவு எங்கே கழியும் என்று சொல்ல முடியாத காலம். சிவபாதசுந்தரம் அவளோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்து இரண்டு மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி கேட்டபோது எழுந்து நின்று, “இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு” என்று சிங்களத்தில் சொன்னார். அன்று இரவு அருந்ததி அவரைப் பற்றித் தகப்பனுக்கு நான்கு பக்கம் எழுதினாள். தகப்பன் தபாலதிபர்தான். இருந்தாலும் கடிதம் போய்ச் சேர ஒரு மாதம் பிடித்தது.

சிவபாதசுந்தரம் அவளுக்கு ஒரு நல்ல வேலையையும் தந்தார். மட்டக்குளியில் ஒரு குடியிருப்புத் தொகுதி. மழை வந்தால் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அங்கிருந்து ஆறுவரை ஒரு கான் போட வேண்டும். அருந்ததி ஐந்து மாதம் அந்தக் கானோடு வாழ்ந்தாள். நிலத்தின் ஒவ்வொரு முழத்தின் உயரத்தையும் அளவையாளரின் புத்தகத்திலிருந்து எடுத்து, ஜன்னலோர மேசையில் குனிந்து வரைந்தாள். கீழ் மூலையில் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரையும், ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் அவருடைய பெயரையும் எழுதினாள். இலக்கம் நாற்பத்தேழு.

சிவபாதசுந்தரம் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

“வடிவாயிருக்கு. ஒரு பிழையுமில்லை. ரெண்டு வருசம் முடியேக்க நானே கையெழுத்து வைப்பன், பயப்பிடாதையும்.”

அடுத்த வாரம் நகரில் ஒரு குண்டு வெடித்தது. பல பேர் செத்தார்கள். சபையும் தன்னால் இயன்றதைச் செய்ய விரும்பி, எதிரிகள் கான் வழியாகத் தவழ்ந்து வரக்கூடும் என்று கண்டுபிடித்தது. கொழும்பின் கான்களில் பெருச்சாளிகள்கூடச் சிரமப்பட்டுத்தான் போய்வந்தன. அந்த விபரத்தைச் சபையில் யாரும் அறிந்திருக்கவில்லை. ஒரு சுற்றுநிருபம் வந்தது. எல்லா வரைபடங்களும் இன்று முதல் இரகசியம். படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பாதுகாப்பு அதிகாரியாக நியமிக்கப்பட்டார். அவர் வரைபடங்களைச் சுருட்டி ஓர் இரும்பு அலுமாரியில் பூட்டித் திறப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இனி அனுமதி பெற்றவர்கள் மட்டுமே அவற்றைப் பார்க்கலாம். வேலைத்தளங்களுக்கும் வரைபடம் போகாது. அன்றன்று வேண்டிய அளவுகளை மட்டும் அவரே காலையில் தொலைபேசியில் வாசிப்பார்.

அருந்ததி அனுமதிக்கு விண்ணப்பித்தாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. நிரந்தர உத்தியோகத்தருக்கே அனுமதி வழங்கப்படும். நிரந்தரமாவதற்கு என்ன வழி என்று கேட்டு எழுதினாள். தான் செய்த வடிவமைப்பை அலுமாரியிலிருந்து எடுத்துச் சமர்ப்பிக்க வேண்டும். அலுமாரியிலிருந்து எடுக்க என்ன வழி? அனுமதி பெற வேண்டும். ஒவ்வொரு பதிலும் மிக மரியாதையான ஆங்கிலத்தில், பிழையில்லாமல் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

“உது சும்மா கடதாசி விளையாட்டு. நான் இருக்கிறன்” என்றார் சிவபாதசுந்தரம். அவளும் ஆறுதலடைந்தாள்.

மார்ச் மாதம் சபை மகளிர் தினம் கொண்டாடியது. அருந்ததிக்குத் தலைக்கவசம் அணிவித்து, கையில் ஒரு சுருள் கொடுத்துப் படமெடுத்தார்கள். உண்மையான வரைபடம் இரகசியம் என்பதால் அது வெறும் தாள். பொது முகாமையாளர் உரையாற்றினார்.

“எங்கள் சபையில் ஆண், பெண் என்ற பாகுபாடு கிடையாது. அருந்ததி மிஸ் ஒரு பொறியியலாளர். ஆனாலும் எந்த வரைபடத்தையும் அவர் பார்ப்பதில்லை. வாசலைக் கூட்டும் அம்மாவும் பார்ப்பதில்லை. வீட்டிலே என் மனைவியும் பார்ப்பதில்லை. எல்லாப் பெண்களையும் நாங்கள் ஒரே கண்ணால்தான் நோக்குகிறோம்.”

கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. அருந்ததிக்கு ஒரு பூச்சாடி கிடைத்தது.

இந்த நேரத்தில்தான் ஸாலிஹ் வந்தார். மட்டக்குளி வேலைத்தளத்தின் மேற்பார்வையாளர். ஐம்பது வயது. தொப்பி, வெண்தாடி, வலது காதில் செருகிய பென்சில். முஸ்லிம் வழக்கப்படி எல்லோரும் அவரை ‘நானா’, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். சம்பளப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட வந்தவர், அருந்ததியின் மேசையடியில் நின்றார்.

“மிஸ், ஒரு விசயம். ஆத்துப் பக்கம் அந்த அளவுக் கல்லு ஈக்கித்தானே?”

அளவுக் கல் என்பது அளவையாளர்கள் நிலத்தின் உயரத்தைக் குறித்து நட்டு வைக்கும் கல். அதிலிருந்துதான் சுற்றியுள்ள எல்லா உயரங்களையும் கணக்கிடுவார்கள்.

“ஓம் நானா, இருக்கு. அதிலயிருந்துதான் ஆத்து முனையை அளந்தவை.”

“அது இப்ப அதுட எடத்துல இல்ல மிஸ். அங்க சோதனைச் சாவடி போட்டப்போ ஆமிக்கார மல்லிமார், அந்தத் தம்பிமார், அதப் புடுங்கி மண்மூட்டைக்கு மேல வெச்சிட்டாங்க. ஒக்கார.”

“உக்காரவோ?”

“ஓ. நல்ல மட்டமான கல்லுதானே. அளக்கிற ஆக்கள் வந்தப்போ ஒரு மல்லி மரியாதயா எழும்பி நிண்டான். அளந்து முடிஞ்சதும் திருப்பி ஒக்காந்துகிட்டான். நான் கண்ணால கண்ட.”

அருந்ததி பென்சிலை எடுத்தாள். மண்மூட்டையின் உயரத்தைக் கணக்கிட்டால் கல் ஒன்றரை அடி உயர்ந்திருக்கிறது. ஆற்று முனையின் அளவுகள் எல்லாம் அந்தக் கல்லிலிருந்து வந்தவை. அப்படியே கட்டினால் கானின் ஆற்று முனை ஒன்றரை அடி மேலே நிற்கும். தண்ணீர் ஆற்றுக்குப் போகாது. திரும்பிக் குடியிருப்புக்குள் வரும். முன்பு மழைக்கு மட்டும் வந்த வெள்ளம், இனிமேல் சபையின் செலவில், சீமெந்துக் கான் வழியாக ஒழுங்காக வரும்.

அவள் சிவபாதசுந்தரத்திடம் ஓடினாள். அவர் கேட்டார், முகம் கொஞ்சம் வாடியது. “எழுத்தில தாரும் பிள்ளை” என்றார். அவள் எழுதினாள்: ‘47ஆம் இலக்க வரைபடத்தில் ஆற்று முனை ஒன்றரை அடி தாழ்த்தப்பட வேண்டும்.’ மூன்று நாள் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. பிழையைச் சரிசெய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கணக்குகளை ஒரு கோப்பில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

அறையில் பொது முகாமையாளரும் பாதுகாப்பு அதிகாரியும் இருந்தார்கள். அவளுடைய கடிதம் மேசைமேல் சிவப்பு முத்திரையுடன் கிடந்தது. அதுவும் இரகசியமாகியிருந்தது. விசாரணை பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் நடந்தது.

“நாற்பத்தேழாம் இலக்கத்தில் ஒரு வரைபடம் இருப்பது உமக்கு எப்படித் தெரியும்?” என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார்.

“நான்தான் வரைந்தேன்.”

“எங்கே வைத்து?”

“இந்த மாடியில், ஜன்னலோர மேசையில்.”

“இடமும் தெரிந்திருக்கிறது” என்று அவர் எழுதிக்கொண்டார்.

“சேர், அதன் கீழ் மூலையில் என்னுடைய பெயர் இருக்கிறது.”

“கீழ் மூலையில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது.” அதையும் எழுதினார்.

“அலுமாரியைத் திறந்து பாருங்கள். என் பெயர் இருக்கும்.”

“அனுமதி இல்லாதவர் முன்னிலையில் திறக்க முடியாது.”

“நான் வெளியே போய் நிற்கிறேன். நீங்கள் பாருங்கள்.”

பாதுகாப்பு அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். அவர் கெட்ட மனிதரல்ல. நியாயத்தை விளங்கப்படுத்த வேண்டும் என்ற அக்கறை அவருடைய குரலில் இருந்தது.

“மகளே, யோசித்துப் பாருங்கள். நாங்கள் பார்த்து, உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால் நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இருந்தால், அனுமதி இல்லாத ஒருவர் இரகசிய ஆவணத்தையே தயாரித்திருக்கிறார். அது இன்னும் பெரிய குற்றம். உங்கள் நன்மைக்காகத்தான் பார்க்காமல் இருக்கிறோம்.”

“சிவபாதசுந்தரம் சேரிடம் கேளுங்கள்” என்றாள் அருந்ததி. அவளுக்குப் பயமே இல்லை. அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சிவபாதசுந்தரம் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.

“நாற்பத்தேழை வரைந்தது யார்?”

“நான் இருபத்தாறு வருடமாக இந்தச் சபையில் இருக்கிறேன்” என்று அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். “இத்தனை வருடத்தில் எந்தப் பிரச்சினையிலும் என் பெயர் வந்ததில்லை. எண்பத்துமூன்றில் கலவரம் நடந்த கிழமையில்கூட நான் லீவு எடுக்கவில்லை. பொது முகாமையாளர் அவர்களுக்குத் தெரியும். இந்தச் சபையின் நம்பிக்கையை இழப்பதைவிட எனக்கு வேறு எதை இழந்தாலும் பரவாயில்லை.”

“வரைந்தது யார்?”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“நான்தான்.”

அருந்ததி திரும்பி அவரைப் பார்த்தாள்.

“இந்தப் பிள்ளை கெட்டிக்காரி” என்று அவர் தொடர்ந்தார். “எழுத்து அழகு. தலைப்புகள் எழுதக் கொடுத்திருப்பேன். பென்சில்களும் சீவித் தந்திருக்கிறாள். அதனால் தானே வரைந்ததுபோல ஒரு நினைப்பு. இளம் வயது. மன்னிக்க வேண்டும்.”

பாதுகாப்பு அதிகாரி ‘பென்சில்’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

வெளியே நடைபாதையில் சிவபாதசுந்தரம் அவளுக்குப் பின்னாலேயே வந்தார்.

“பிள்ளை, கோவிக்காதையும். அனுமதியில்லாத ஆள் வரைய நான் விட்டனான் எண்டு தெரிஞ்சா என்னைத்தான் பிடிப்பாங்கள். நானும் தமிழன். பென்சனுக்கு இன்னும் பதினாலு மாசம். உமக்கு வயசு இருக்கு, வேற எங்கயாவது எடுக்கலாம்.”

“சரி சேர். அந்த ஒன்றரை அடி?”

“எந்த ஒன்றரை அடி?”

“கல்லு சேர். தண்ணி திரும்பி வீடுகளுக்குள்ள வரும். நீங்களே உங்கட பேரில மாத்தி விடுங்கோவன். எனக்கு ஒண்டும் வேண்டாம்.”

அவர் சுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அதெப்பிடி? இப்ப அது என்ர படமெல்லோ. பிழையெண்டா என்ர பிழையாப் போகும். உம்முடையதா இருக்கேக்க மாத்தியிருக்கலாம்.”

இதைச் சொல்லும்போது அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கண்கூடக் கலங்கியிருந்தது.

பின்னேரம் தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். ‘47ஆம் இலக்க வரைபடத்தை நான் வரையவில்லை. பார்த்ததில்லை. அதை வரைந்தவர் யாரென்றும் எனக்குத் தெரியாது.’ கையெழுத்து வைத்தால் விசாரணை முடிந்தது. வைக்காவிட்டால் கோப்பு பொலிஸுக்குப் போகும். பொலிஸுக்குப் போனால் அவளோடு, அறை கொடுத்த குற்றத்துக்கு இரத்தினம்மாவின் வீடும் போகும்.

“சேர்தான் வரைந்ததென்று எனக்கு முன்னால் சொன்னாரே. யாரென்று தெரியாது என்று எப்படி எழுதுவது?” என்றாள் அருந்ததி.

பாதுகாப்பு அதிகாரி சிறிது யோசித்தார். “அவர் சொன்னதும் இரகசியம்தான்” என்றார்.

அவள் கையெழுத்து வைத்தாள். எழுத்து அழகாகவே விழுந்தது.

அன்று இரவு இரத்தினம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“சாப்பிடன் பிள்ளை. ஆர் என்ன சொன்னது?”

“பென்சில் சீவினனான் எண்டு சொல்லிப்போட்டார் அன்ரி.”

இரத்தினம்மாவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் பிள்ளை அழுத அழுகையைப் பார்த்து, மேற்கொண்டு கேட்காமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுது முடியும்வரை கையை எடுக்கவில்லை. இறைவன் அந்தக் காலத்தில் கொழும்பில் நேரடியாகச் செய்த வேலைகள் குறைவு. இப்படியான கைகளிடம்தான் விட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அருந்ததி பஸ் ஏறி மட்டக்குளிக்குப் போனாள். வழியில் மூன்று இடத்தில் இறக்கி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை ஆற்று முனைக்குக் கொங்கிரீட் போடுவதாக இருந்தது. ஸாலிஹ், வெட்டி முடித்த கானின் ஓரத்தில் நின்று, மட்டத்தைக் குறிக்கும் மரமுளைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா, நான் ஒண்டும் சொல்ல வரேல்லை.”

“தெரியும் மிஸ். கந்தோர்ல சென்னாங்க. மிஸ் வாயத் தொறந்தா மிஸ்ஸுக்குக் கரச்சல். நான் காதக் குடுத்தா எனக்குக் கரச்சல்.” அவர் முளைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். “நாம ரெண்டு பேரும் சும்மா நிண்டு பாப்பம்.”

கானுக்குள் ஊற்றினார். தண்ணீர் ஆற்றை நோக்கிச் சிறிது தூரம் போனது. நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி அவர்களுடைய காலடிக்கு வந்தது.

“யா அல்லாஹ்” என்றார் ஸாலிஹ்.

காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அடிமட்டத்தை முளையின் பக்கத்தில் பிடித்து, தலையிலிருந்து அரை அடி கீழே பென்சிலை வைத்தார்.

“இவ்வளவா?”

அருந்ததி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பென்சிலை ஓர் அடிக்கு இறக்கினார். “இவ்வளவா?”

அவள் வானத்தைப் பார்த்தாள்.

இன்னும் அரை அடி இறக்கினார். “இவ்வளவு?”

அருந்ததி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஸாலிஹ் அந்த இடத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

“நானா, பிடிபட்டால்?”

“ஃபோன்ல வாசிச்ச மாதிரியே கட்டினேன்னு சைன் வெச்சிக் குடுப்பேன். ஆரு இங்க வந்து கானுக்குள்ள குனியப்போற? ஒரு மனிசனும் குனியமாட்டாங்க.”

“பொய்யெல்லோ நானா.”

“அத அல்லாஹ்ட்ட நான் சொல்லிக்கிறேன் மிஸ். கேட்டுக்குவான். இந்தப் புள்ளகள்ற படுக்கைக்குத் தண்ணி வந்தா அத எப்பிடி அவன்ட்டச் சொல்ற?”

அவர் ஆட்களைக் கூப்பிட்டுத் திரும்பவும் தோண்டச் சொன்னார். முதலில் மண்வெட்டியை எடுத்தவரும் அவர்தான்.

இரண்டு வருடம் முடிந்தபோது, சொந்தமாக எந்த வேலையும் செய்யாத காரணத்தால் அருந்ததியை நிரந்தரமாக்க முடியவில்லை என்று சபை மனவருத்தத்துடன் அறிவித்தது. அவள் கேட்ட சேவைச் சான்றிதழில், ‘செய்த பணி’ என்ற இடத்தில் முதலில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். பிறகு யாரோ அதை வெட்டி ‘இரகசியம்’ என்று திருத்தி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த கம்பனிகள் எல்லாம் மரியாதையுடன் எழுந்து நின்று அவளை அனுப்பிவைத்தன. கடைசியில் நுகேகொடையில் குளியலறை ஓடு விற்கும் ஒரு கடையில், இத்தனை சதுர அடிக்கு இத்தனை ஓடு என்று கணக்குச் சொல்லும் வேலை கிடைத்தது.

கானின் திறப்பு விழாவுக்கு அவளுக்கு அழைப்பில்லை. அடுத்த நாள் பத்திரிகையில் பார்த்தாள். சிவபாதசுந்தரத்தின் கழுத்தில் மாலை. ‘இளம் பொறியியலாளர்களுக்கு ஒன்று சொல்வேன்: பெயருக்கு ஆசைப்படாமல் உழைக்க வேண்டும்’ என்று அவர் பேசியிருந்தார். அந்தக் கிழமையே அவரிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கோயில் விபூதியும் கல்கண்டும். கடிதம் இல்லை.

“குப்பைக்குள்ள எறியவோ?” என்று இரத்தினம்மா கேட்டாள்.

அருந்ததி பொட்டலத்திலிருந்து விபூதியை எடுத்து நீட்டினாள்.

“விபூதி என்ன செய்தது அன்ரி? சுவாமிப் படத்தடியில வையுங்கோ.”

கல்கண்டை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. எறும்பு தின்றது.

ஐப்பசியில் முதல் பெருமழை இறங்கியது. மத்தியானத்திலிருந்து விடாமல் கொட்டியது. அருந்ததி கடையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி மட்டக்குளிக்குப் போனாள். எதற்குப் போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் முடியாது. குடை காற்றில் மடங்கிப்போனது. கானின் ஓரத்தில் போய் நின்றாள்.

தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வாழைத்தண்டு, பிளாஸ்டிக் போத்தல், யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு, ஓர் இடத்திலும் நிற்காமல், ஆற்றை நோக்கிப் போனது.

“புள்ள! ஏ புள்ள! என்னத்துக்கு மழைல நிக்கிறீங்க? உள்ள வாங்க!”

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்று கை காட்டினாள். நாற்பது வயதிருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாதித் தூரம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். துவாயைக் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அதற்குப் பிறகுதான், “எனக்குப் பேரு ஹமீமா. நீங்க ஆரு?” என்று கேட்டாள்.

“அருந்ததி. நுகேகொடையில ஓட்டுக் கடையில வேலை.”

“இங்க பாருங்க அருந்ததி.” ஹமீமா தரையைக் காட்டினாள். சிவப்புச் சீமெந்துத் தரை காய்ந்து கிடந்தது. ஒரு பாயில் இரண்டு பிள்ளைகள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். “போன வருசம் இந்த நேரம் நாங்க எல்லாரும் மேசைக்கு மேல. சட்டி பான எல்லாம் மெதந்துகிட்டுத் திரிஞ்ச. இப்ப பாருங்க, ஒரு சொட்டு இல்ல. ஆரோ ஒரு பெரிய மனிசன் இந்தக் கானுக்குப் படம் வரஞ்சதாம். மழை பெய்ற நேரமெல்லாம் நான் அந்த மனிசனுக்கு அல்லாஹ்ட்ட துஆ கேக்குற.”

அருந்ததி தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கந்தோர்ப் பக்கம் போய்வாற ஆளு மாதிரி ஈக்கிறீங்களே. அவர்ட பேரு தெரியுமா? பேரச் சொல்லிக் கேட்டா நல்லந்தானே.”

வெளியே தண்ணீரின் சத்தம் கேட்டது.

“தெரியாது” என்றாள் அருந்ததி.

ஹமீமா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, அருந்ததியின் தலையிலிருந்து நழுவிய துவாயை எடுத்துத் தானே அவளுடைய ஈரத் தலைமயிரைத் துவட்டிவிடத் தொடங்கினாள்.

“தெரியாட்டிப் பரவாயில்ல புள்ள” என்றாள். “அது போய்ச் சேரும்.”